கிளம்பாத சிடி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் லேசாகக் குலுங்கினாலே சுவரைப் பிடித்துக்கொள்வேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கும் என்று மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவேன். ஆபீஸில் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசைமேல் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பயத்தை எவரும் கிண்டல் செய்திருக்க முடியாது. அந்த லேப்டாப்புக்குள் என் அம்மாவின் குரல் இருந்தது. வேறெங்கும் இல்லை. அம்மாவிடமும் இல்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்து, லேப்டாப்பின் மைக்கிலேயே மூன்று நாள் பதிவு செய்தேன். “சும்மா ஏதாவது பேசும்மா” என்றால், “சும்மா என்னத்தப் பேசுறது, எனக்கு வேல இல்லியா?” என்று எழுந்து போய்விடுவார். கடைசியில் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாக வாசித்தார். பன்னிரண்டு பதிவுகள். ‘அம்மா’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் போட்டு வைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். இன்னொரு பிரதி எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று ஏழெட்டு மாதம் ஓட்டியாயிற்று. இத்தனைக்கும் பெங்களூரில், பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை பார்ப்பது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரு காகிதத்துக்கு மூன்று நகல் வைக்காதவர்களைப் பிடித்துத் திட்டுவதற்கே எனக்குச் சம்பளம். அம்மாவின் போன் பட்டன் போன், அதில் குரல் செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. என் கல்யாண வீடியோவில் இருக்கிறாரே என்று தேடிப் பார்த்தேன். அவர் வாய் அசைகிற இடத்திலெல்லாம் வீடியோக்காரர் பாட்டைப் போட்டு வைத்திருந்தார். அந்தக் கல்யாணமே நிலைக்கவில்லை, வீடியோவாவது உதவக்கூடாதா என்று எரிச்சல் வந்தது.

லேப்டாப் ஒரு புதன்கிழமை நின்றது. திறந்தேன், நீலத் திரை வந்தது, உள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். அணைத்து மறுபடி போட்டேன். அதே டிக், டிக். மறுநாள் சிவாஜிநகரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, “ஹார்ட் டிஸ்க் போச்சு மேடம். வெச்சிட்டுப் போங்க, வேற டிஸ்க் போட்டு ஃபார்மேட் பண்ணித் தரேன், புதுசு மாதிரி ஆயிடும்” என்றார். உள்ளே இருப்பதெல்லாம் என்னாகும் என்று கேட்டேன். “அது போச்சுன்னு வெச்சுக்குங்க” என்றார், பக்கத்தில் இருந்தவரின் சார்ஜரைச் சோதித்துக்கொண்டே. நான் லேப்டாப்பை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை ஓடினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். குழி வரும்போதெல்லாம் எனக்குத்தான் வலித்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தப் பதிவுகளைப் போடு என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் மனசு உடையும் என்று நானும் போட்டதில்லை. மருத்துவமனையில் தொண்டையில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘இது நான் இல்ல’ என்று எழுதிக் காட்டி, அதை அலமாரியில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நோட்டும் கைதட்டலும்தான். ஒரு தட்டு தட்டினால் ‘இங்கே வா’. இரண்டு தட்டினால் ‘சோறு ரெடி’.

பயத்துக்குக் காரணம் வெறும் ஃபைல் போவது மட்டுமில்லை. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே, அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதிலும் நான் அவருக்குப் ‘பாப்பா’தான். அந்த வார்த்தை ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லும் குரல் வரவில்லை. குழாயை மூடிவிட்டு நின்று கண்ணை மூடி முயன்றேன். என் குரலில்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கணினிப் பிரிவில் இருக்கும் தம்பியிடம் போய் நின்றேன். கோலார் பக்கத்துக் கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். தமிழை எங்கள் தொழிற்சாலைத் தளத்திலேயே கற்றுக்கொண்டவர், ‘வேண்டாம்’ மட்டும் இன்னும் கன்னடத்து ‘பேடா’தான். பொறுமையாகக் கேட்டார். “அக்கா, டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி இழுத்துக்கிட்டு இருக்குது. இனிமே அத நார்மலா ஸ்டார்ட் பண்ணவே பேடா. ஒவ்வொரு தடவையும் அதோட ஆயுசு கொறையுது” என்றார். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை ஒரு சிடியில் எழுதித் தருவதாகச் சொன்னார். லைவ் சிடி என்று பெயர். அதைப் போட்டால் லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் உதவியில்லாமல் சிடியிலிருந்தே கிளம்பிவிடும். டிஸ்க் சும்மா படுத்திருக்கும். அப்போது மெல்ல ‘அம்மா’ ஃபோல்டரை மட்டும் பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம். பென் டிரைவிலிருந்தே கிளப்பக் கூடாதா என்றேன். என் லேப்டாப் அதற்கு ரொம்பப் பழசாம்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சிடி படிக்கலேன்னா லேப்டாப் தானாவே ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிடும். டிக் டிக் கேட்டா உடனே பவர் பட்டன அமுக்கிடுங்க” என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பாதி உயிர் இல்லை.

சிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து காகித உறையோடு லேப்டாப் மேல் வைத்தேன். அம்மா பார்த்தார். நோட்டில் ‘என்னா அது?’ என்று எழுதினார். “லேப்டாப்புக்கு உடம்பு சரியில்லம்மா, மருந்து” என்று சிரித்துச் சமாளித்தேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா பூசைக்குப் போய்வந்து அடுப்படியில் இருந்தார். நான் மேசையில் உட்கார்ந்தேன். சிடியை ஓரத்தைப் பிடித்து எடுத்து, தம்பி மார்க்கரில் எழுதியிருந்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்துத் தட்டை உள்ளே தள்ளினேன். பவர் பட்டனை அமுக்கினேன். திரையில் கம்பெனிப் பெயர் தெரிந்தவுடன் எஃப் பன்னிரண்டை அழுத்த வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தார். பதற்றத்தில் எஃப் பதினொன்றை அழுத்தினேன். டிக். டிக். ‘ஐயோ, சேசுவே’ என்று பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். அது அணைய ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டது. அந்த ஐந்தாறு விநாடியும் டிக் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ஆயுசு போச்சு என்று மனசு கணக்குப் போட்டது.

இரண்டாம் தடவை சரியான விசை விழுந்தது. சிடியைத் தேர்ந்தெடுத்தேன். சிடி சுற்றும் ஓசை, திரையில் ஒரு சின்னம், அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணையும் புள்ளிகள். மூச்சு வந்தது. பிறகு புள்ளிகள் நின்றன. திரை கருத்தது. வெள்ளை எழுத்தில் வரி வரியாக ஏதோ ஓட ஆரம்பித்தது. எல்லா வரியிலும் ‘எர்ரர்’ என்ற சொல் இருந்தது. அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை. சிடி உள்ளே கர்ரென்று சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. அணைத்தேன்.

மூன்றாம் தடவையும் அப்படியே, ஆனால் இன்னும் சீக்கிரமே நின்றது. முன்னே போன தூரம்கூடப் போகவில்லை. இதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. சிடியும் சாகிறதா? நான் தொட்டதெல்லாம் சாகிறதா?

தம்பிக்குப் போன் செய்து, திரையைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, “அக்கா, லேப்டாப் மேல தப்பு இல்ல, சிடியத்தான் அதுக்குப் படிக்க முடியல. ஆனா நான் எழுதி முடிச்சு, சரி பாத்து, ஆபீஸ்ல ரெண்டு மெஷின்ல போட்டுக் காட்டிட்டுத்தானே குடுத்தேன்? கிளம்பும்போது ‘சிடியைச் சோதி’ன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதக் குடுங்க” என்றார். கொடுத்தேன். நூற்றில் ஒன்று, இரண்டு என்று ஏறி, பதினொன்றில் நின்றது. நிறைய இடத்தில் பழுது என்று சொல்லியது.

“நேத்து சாயங்காலம் நல்லா இருந்த சிடி” என்றார் தம்பி. “வெளிய எடுத்து அடிப்பக்கம் பாருங்க. கீறல் இருக்கா?”

எடுத்தேன். அதுவரை ஒருமுறைகூட நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தபோது கீறல் இல்லை. மினுமினுப்பாக ஒரு கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, அதை வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு. விரலால் போட்டது. சுற்றிய சுற்றில் ஓரங்களில் கலைந்து தீற்றலாகியிருந்தாலும் நடுவில் தெளிவாகத் தெரிந்தது. முகர்ந்து பார்த்தேன். மந்திரித்த எண்ணெய்.

எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எது புதிதாக வந்தாலும் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்த பிறகுதான் பயன்படுத்துவோம். ஸ்கூட்டர், காஸ் அடுப்பு, பரீட்சைக்குப் போகும் பேனா, எல்லாம். இந்த லேப்டாப்பையே வாங்கிய அன்று நவநாள் ஜெபத்துக்குத் தூக்கிப்போனோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது நான் கைக்குட்டையால் விசைகளை மூடிப் பிடித்திருந்தேன். நோயாளி என்றால் தீர்த்தம் போதாது, எண்ணெய். ஆபரேஷன் புண் ஆறியதிலிருந்து அம்மா தினமும் காலையில் கழுத்துப் பக்கம் அந்த எண்ணெயால் சிலுவை போட்டுக்கொள்வார். சிடியிலும் அவர்தான் போட்டிருக்கிறார். எழுத்து இருந்த பக்கத்தில் போட்டிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. நல்ல பக்கம் எது என்று தேடி, பளபளப்பான பக்கத்தில் போட்டிருக்கிறார்.

எனக்குப் பயம் கோபமாக மாறியது. அடுப்படிக்குப் போய்ச் சிடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“இதுல எண்ணெய் வெச்சது நீதானே? யாரக் கேட்டு வெச்ச? என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு தெரியுமா உனக்கு? எல்லாம் போச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்ட!”

பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். அம்மா கரண்டியோடு நின்றார். வாய் திறந்தது. பழக்கத்தில்தான் திறந்தது, திருப்பிக் கத்துவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது ஒரு காலத்தில். கழுத்தில் மூச்சுக்காக வைத்த துளையை மூடிய துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. வாயை மூடிக்கொண்டார். திருப்பித் திட்ட முடியாத ஒருத்தியைத் திட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கரண்டியை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நோட்டை எடுத்தார். நீளமாக எழுதினார். எழுத்து கோணல் மாணலாக வந்தது.

‘புதன்கிழமையே தெரியும். நீ அழுதத பாத்தேன். என் கொரலு அதுலதானே இருக்குது. எனக்கும் பயமா இருந்திச்சி. எனக்குத் தெரிஞ்ச மருந்து இதுதான்.’

நான் வாசித்து முடிக்கும்வரை நோட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். இத்தனை மாதமும் அவருக்கு அந்தப் பதிவுகள் வேண்டாம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். பயப்படுவது நான் மட்டும்தான் என்றும். “மன்னிச்சிரும்மா” என்றேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த சிடியைத்தான் பார்த்தார்.

போனில் தம்பி இன்னும் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பாவம். “அக்கா, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, குழாத் தண்ணி, பழைய காட்டன் துணி” என்றார். “வட்டமாத் தேய்க்க பேடா. நடுவுல இருந்து வெளிய, நேராத் தொடைக்கணும்.” நான் அதைத் திருப்பிச் சொல்வதற்குள் அம்மா சிடியை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். குழாயை நூலாகத் திறந்து, விரல் நுனியில் சோப்பை எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று கழுவினார். தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து ஒற்றி ஒற்றித் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்னொரு முறை கழுவினார். துடைத்து முடித்ததும் என் கையில் கொடுத்தார். இந்தத் தடவை சிலுவையைக் காற்றில் போட்டார்.

“எண்ணெய் உள்ள லென்ஸ்ல பட்டிருந்தா?” என்று போனில் கேட்டேன். “போட்டுப் பாக்கலாம் அக்கா” என்றார் தம்பி. பட்டிருக்காது என்று அவர் சொல்லவில்லை.

நான்காம் தடவை. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எஃப் பன்னிரண்டு. சிடி. புள்ளிகள் எரிந்தன, அணைந்தன. முன்பு நின்ற இடம் வந்தது. நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என் முழங்கையை இடித்தார். திறந்தால் புள்ளிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். திரை வெளுத்து, நான் இதுவரை பார்த்திராத ஒரு படம் வந்து நின்றது. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி, ஹார்ட் டிஸ்க்.

“வேற எதையும் தொடாதீங்க. ‘அம்மா’ மட்டும். ஒவ்வொண்ணா எடுங்க” என்றார் தம்பி.

முதல் எட்டும் சுலபமாக வந்தன. ஒன்பதாவதில் டிக் கேட்டது. எவ்வளவு நகலாயிற்று என்று திரையில் காட்டும் கோடு பாதியில் நின்றது. டிக். டிக். டிக். பக்கத்தில் அம்மாவின் உதடுகள் வேகமாக அசைந்துகொண்டிருந்தன. அருள்நிறைந்த மரியே என்பது உதட்டிலிருந்தே தெரிந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ மந்திரத்தில் கோடு நகர்ந்தது. ஒன்பது வந்தது. பத்து, பதினொன்று வந்தன. பன்னிரண்டாவதைத் தொட்டதும் டிஸ்க் ஒரு நீளமான கிறீச்சொலி எழுப்பிவிட்டு அடங்கியது. அந்தச் சின்னப் பெட்டியே திரையிலிருந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை.

போனது மாதா பிரார்த்தனை. அம்மாவிடம் சொன்னேன். போனால் போகட்டும் என்று கையை வீசினார்.

பென் டிரைவை என் ஆபீஸ் லேப்டாப்பில் செருகி, முதலில் அங்கே ஒரு நகல், பிறகு போனில் ஒரு நகல், தம்பிக்கு ஒரு நகல் என்று அனுப்பி முடித்த பிறகுதான் முதல் பதிவைத் திறந்தேன். குரல் வந்தது. ஆனால் அது நான் தேடிய குரல் இல்லை. அது அம்மாவின் கோயில் குரல். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பாரே, அந்தக் குரல். ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக, நிறுத்தி நிறுத்தி, மைக்குக்கு மரியாதை கொடுத்து வாசிக்கிறார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. இதற்குத்தானா இத்தனை பாடு? அந்தப் ‘பாப்பா’ போனது போனதுதானா? அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், தெரியாத யாரோ வாசிப்பதைக் கேட்பவர்போல.

நான்காவது பதிவு முடியும் இடம். ‘ஆமென்’ என்றார். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பொத்தானைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. பிறகு முழுத் தொண்டையில்:

“முடிஞ்சிதா? இன்னும் ஓடுதா அது? ஏ பாப்பா! பாப்பா! நிறுத்துடீ அத! அடுப்புல பால வெச்சிட்டு எந்நேரம் ஆவுது, ஓடு, பொங்கி வழியப் போவுது!”

நாற்காலி கீச்சிட்டது. பார்த்தால் அம்மா பக்கத்தில் இல்லை. அடுப்படிக்கு ஓடியிருந்தார்.

அடுப்பில் பால் இல்லை. சாம்பார்தான் இருந்தது, அதுவும் எப்போதோ அணைத்தது. அடுப்புக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சத்தம் இருந்தால்தானே தெரியும், கிட்டே வந்த பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

நோட்டை எடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்.

‘ஜெபம் வேணாம். கடைசில கத்துறேன் பாரு, அத மட்டும் இன்னொரு தடவ போடு.’

போட்டேன்.